ரப்பர் ஹோஸுக்கு ஒரு வக்காலத்து

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் ஜீப்பில் குற்றவாளி, பிரேக் ஆயில் போகிற ரப்பர் ஹோஸ்தான். கையும் களவுமாகப் பிடிபட்டது. பிடித்துக் கழற்றி எறிந்த பிறகு, அதே இடத்தில் இன்னொரு ரப்பர் ஹோஸைத்தான் மாட்டினேன். இதைக் கேட்ட யாரும் என்னைப் புத்திசாலி என்று நினைக்கவில்லை. என் அக்கா மகன் கோயம்புத்தூரில் மகிந்திரா தார் ஜீப் வைத்திருக்கிறான். லீவு கிடைத்தால் சேறு, பாறை, ஆறு என்று தேடித் தேடி வண்டியை விடுகிறவன். அவன் போனில் சிரித்தான். "என்ன மாமா, இந்தக் காலத்துல ஸ்டீல் பிரெய்டட் போடாம மறுபடி ரப்பரா?" பிரெய்டட் என்றால் கம்பிப் பின்னல் போட்ட ஹோஸ். அந்தச் சிரிப்புக்கு ஒழுங்கான பதில் அப்போது வாயில் வரவில்லை. அது உள்ளே கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது. அவனுக்கு அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக.

வண்டி, மகிந்திராவின் பழைய சிஜே-3பி. வில்லிஸ்காரர்கள் 1953-ல் உயரமான புது என்ஜினுக்கு இடம் போதாமல் பானட்டைத் தூக்கிக் கட்டினார்களே, அந்த முகம். அமெரிக்காவில் அது நின்றுபோன பிறகும் நம் நாட்டில் பல வருடங்கள் வந்துகொண்டிருந்தது. போடியில் ஏலக்காயோடு சம்பந்தப்பட்ட வீடுகளில் இந்த மாதிரி ஒரு ஜீப் நிற்பது புதிதில்லை. கீழே வீடு, மேலே பூப்பாறைப் பக்கம் தோட்டம், நடுவில் போடிமெட்டு மலைச்சாலையின் 17 கொண்டை ஊசி வளைவு. தார்ச்சாலையை விட்டுத் தோட்டத்துக்குள் திரும்பிவிட்டால் கல்லும் சேறும்தான், ஆனால் அங்கே பிரேக்குக்குப் பெரிய வேலை இல்லை. கியர் பெட்டிக்குப் பின்னால் இருக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ போட்டால் வேகம் 2.46 மடங்கு குறையும். முதல் கியரில் விட்டுவிட்டால் வண்டி தானாக ஊர்ந்து இறங்கும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டுகிறவர்களைக் கேட்டால், "பிரேக்க நம்பியா இந்த ரோட்டுல எறங்குறோம்?" என்பார்கள். நியாயம்தான். ஆனால் மெட்டுச் சாலையில் முன்னால் லாரியும் பின்னால் பஸ்ஸும் இருக்கும்போது லோவில் ஊர்ந்துகொண்டிருக்க முடியாது. அங்கே கால்தான் கதி.

எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார்கள்

பிரேக் பிடித்தால் வண்டி இழுக்கிறது. இதுதான் புகார். பார்த்த பட்டறைகளில் எல்லாம் கேட்டது ஒரே கேள்வி: "எந்தப் பக்கம் இழுக்குது?" இந்தக் கேள்விக்கு என்னால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. சில சமயம் வலது, சில சமயம் இடது. இப்படிச் சொன்னால் எதிரே நிற்பவர் முகத்தில் ஒரு சலிப்பு வரும். அப்புறம் அவரவர் வழக்கப்படி வேலை நடக்கும். டிரம்மை உரசிப் பிடிக்கிற லைனரை மாற்றினார்கள். வீல் சிலிண்டருக்குக் கப் வாஷர் மாற்றினார்கள். டயர் காற்று, கிங்பின் ஆட்டம், ஸ்பிரிங் பட்டையின் யூ போல்ட் எல்லாம் பார்த்தார்கள். எதுவும் தேவையில்லாத வேலை என்று சொல்ல மாட்டேன், இழுப்புக்கு இவை எல்லாமே காரணமாக இருக்கக்கூடியவைதான். ஆனால் மெட்டு ஏறி இறங்கினால் மறுபடி அதே கதை.

ஒரு தடவை தனியாக இறங்கும்போது ரேடியோவை அணைத்துவிட்டு இதையே கவனித்துக்கொண்டு வந்தேன். பெடலை மிதித்ததும் மூக்கு லேசாக வலது பக்கம் போகிறது. காலை எடுத்ததும் மெல்ல இடது பக்கம் திரும்ப ஆரம்பிக்கிறது, கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு இருக்கிறது, அப்புறம் விட்டுவிடுகிறது. மலையடிவாரத்து முந்தலில் நிறுத்திக் குனிந்தால் இடது முன் சக்கரத்திலிருந்து லைனர் கருகுகிற வாடை. டிரம்முக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோக முடியவில்லை. வலது பக்கம் வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். எஸ்டேட் லாரிகளிலேயே வயதைக் கழித்தவர், இப்போது கண் சரியாகத் தெரியாததால் பெரிய வேலை எடுத்துக்கொள்வதில்லை. அவரிடம் போய் நின்றபோது அவர் பக்கத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. "எப்பத் தம்பி இழுக்குது? மிதிக்கையிலயா, விடையிலயா?" என்றார். நான் பார்த்ததைச் சொன்னேன். "அப்ப ஓஸு" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்து முடித்தார்.

அந்த நிப்பிள் திறந்த நிமிடம்

ஜீப்பின் முன் அச்சில் பிரேக் லைன் போகிற வழியைச் சொன்னால்தான் இது புரியும். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலைப் பைப் வழியே தள்ளும்; சக்கரத்தில் இருக்கிற வீல் சிலிண்டர் அந்த ஆயிலின் பலத்தில் லைனர் ஒட்டிய ஷூவை டிரம்மின் மேல் அழுத்தும். வண்டியின் சட்டத்திலிருந்து (சேஸிஸ்) அச்சுக்கு நடுவில் ஒரு ஹோஸ் இறங்குகிறது. அச்சின் மேல் லைன் இரண்டாகப் பிரிகிற ஒரு டீ இணைப்பு. அங்கிருந்து இரும்புப் பைப் இடமும் வலமுமாக ஓடி, சக்கரம் திரும்புகிற இடத்தில் மறுபடி ஒவ்வொரு பக்கமும் ஒரு சின்ன ஹோஸ். நடு ஹோஸ் அடைத்தால் இரண்டு முன் சக்கரமும் சேர்ந்து பாதிக்கும், இழுப்பு வராது. ஒரு பக்க இழுப்பு என்றால் டீக்கு அந்தப் பக்கம்தான் கோளாறு.

இடது பக்க ஹோஸ் உள்ளுக்குள் ஊதி, துவாரம் சுருங்கிவிட்டால் என்ன ஆகும்? மிதிக்கும்போது நம் காலின் பலத்தில் ஆயில் அந்தச் சின்ன வழியாகக் கஷ்டப்பட்டுப் போய்விடும், ஆனால் தாமதமாக. அதற்குள் வலது சக்கரம் முதலில் பிடித்து வண்டி வலப்பக்கம் போகும். காலை எடுத்தால் வலது உடனே விட்டுவிடும். இடது சக்கரத்தில் ஷூவைத் திரும்ப இழுக்க இருப்பது ஒரு ஸ்பிரிங் மட்டும்தான். அந்தப் பலத்துக்கு ஆயில் அந்த இடுக்கு வழியே சொட்டுச் சொட்டாகத்தான் திரும்பும். அதுவரை இடது சக்கரம் பிடித்தபடியே இருக்கும், வண்டி இடப்பக்கம் போகும். மிதிக்கையில் ஒரு பக்கம், விடையில் மறுபக்கம். நான் குழம்பிப்போய்ச் சொன்னதாகப் பட்டறைகளில் நினைத்தது உண்மையில் முழுத் துப்பு.

பட்டறைகளில் ஏன் சிக்கவில்லை என்பதும் அதிலேயே இருக்கிறது. நான் வண்டியைக் கொண்டுபோய் விட்டு, அவர்கள் வேறு வேலை முடித்து, ஜாக்கி வைத்துச் சக்கரத்தைச் சுற்றிப் பார்ப்பதற்குள் அழுத்தம் கசிந்து இறங்கியிருக்கும். சக்கரம் ஜம்மென்று சுற்றும். ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

அண்ணன் செய்தது இதுதான். இடது முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, என்னை உட்காரவைத்துப் பெடலை ஓங்கி ஓங்கி மிதிக்கச் சொன்னார். காலை எடுத்த உடனே, ஒரு விநாடிகூட விடாமல் அவரும் பட்டறைப் பையனும் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றினார்கள். அசையவில்லை. இங்கேதான் நான் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். ஆயிலையும் காற்றையும் வெளியே விடுவதற்குச் சக்கரத்தில் இருக்கிற நிப்பிளுக்கு நேரே போகவில்லை. ஹோஸுக்கு முன்னால், அச்சுப் பைப் வந்து சேருகிற நட்டை முதலில் கால் சுற்று தளர்த்தினார். இரண்டு சொட்டு ஆயில் ஒழுகியது. சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார், இன்னும் இறுக்கம். அந்த நட்டை முடுக்கிவிட்டு, இப்போது சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற நிப்பிளில் ஸ்பேனரைப் போட்டுத் தளர்த்தினார். கறுப்பாக ஆயில் சீறிக்கொண்டு வந்து அவர் முழங்கையில் பட்டது. பையன் சக்கரத்தை ஒற்றைக் கையால் தள்ளினான், அது சுற்றிக்கொண்டே இருந்தது.

மேலே திறந்தால் விடவில்லை, கீழே திறந்தால் விட்டுவிட்டது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு சாண் ரப்பர். இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. மேலே திறந்தபோதே சக்கரம் விட்டிருந்தால் சந்தேகம் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் போயிருக்கும், நாங்கள் வேறு பாகத்தைக் கழற்றிக்கொண்டிருப்போம். புது லைனர் வாங்கிய காசை நினைத்து எனக்கு வயிறு எரிந்தது வேறு விஷயம்.

கழற்றிய ஹோஸைப் பிளேடால் நீளவாக்கில் கிழித்துப் பார்த்தோம். வெளியே பார்த்தால் குறை சொல்ல முடியாத ஹோஸ். வெடிப்பு இல்லை, கசிவு இல்லை. உள்ளே சுமார் 3 மில்லிமீட்டர் துவாரம் இருக்க வேண்டிய இடத்தில் உள் ரப்பர் உப்பிப்போய், ஒரு இடத்தில் நாக்கு மாதிரிக் கிழிந்து வழியை மறித்துக்கொண்டிருந்தது. அந்த இடத்துக்கு நேர் வெளியே, மங்கலாக, பல் பதிந்த தடம். எப்போதோ ஏதோ ஒரு பட்டறையில் வீல் சிலிண்டரைக் கழற்றும்போது ஆயில் ஒழுகாமல் இருக்க வைஸ் கிரிப் இடுக்கியைப் போட்டு ஹோஸைக் கவ்வியிருக்கிறார்கள். அப்படிச் செய்தால் வெளி ரப்பர் பழையபடி எழும்பிவிடும், உள் ரப்பரும் நடுவில் இருக்கிற நூல் பின்னலும் உடைந்தது உடைந்ததுதான்.

அப்படியானால் தப்பு ரப்பர் மேலா, அதைக் கவ்வியவர் மேலா? வக்காலத்தின் முதல் வாதம் இதுதான்.

ஒன்றைத் தொட்டால்

ஹோஸோடு முடிந்திருக்க வேண்டிய வேலை முடியவில்லை. அதைக் கழற்றும்போது வந்து சேரும் பைப்பின் நட் துருப்பிடித்துப் பைப்போடு ஒட்டிக்கொண்டு, நட்டோடு பைப்பும் முறுக்கிக்கொண்டது. சரி, அந்த ஒரு துண்டை மாற்றலாம் என்று படுத்துப் பார்த்தால், பின்னால் போகிற பைப்பின் நிலைமை அதைவிட மோசம். பாடிக்கு அடியில், கிளிப்பு போட்டிருக்கிற இடங்களிலெல்லாம் சேறு ஒதுங்கி ஈரம் நின்று, நகத்தால் சுரண்டினால் செதிலாக உதிர்ந்தது. மழைக்காலத்தில் அழுகல் நோய்க்காகச் செடிக்கு போர்டோ கலவை அடிப்போம். அதற்கான மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சாக்குச் சாக்காக இந்த ஜீப்பின் பின்னால்தான் மேலே போகும். அது கரைந்த தண்ணீர் இரும்பில் பட்டால் இரும்பைக் கரைத்துவிட்டு அதன் மேல் செம்பாகப் படியும். பாடியின் ஓட்டை வழியாக அது சொட்டிய இடம் எது என்று பைப்பைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

கம்பெனியிலிருந்து வருவது பண்டி பைப். தகட்டை இரண்டு சுற்று சுருட்டிச் செம்பால் பற்றவைத்த இரும்புக் குழாய், 3/16 அங்குலம். பலத்தில் குறையே இல்லை, துருதான் எதிரி. நம் ஊர்ப் பட்டறைகளில் இதற்கு மாற்றாகப் போடுவது பெரும்பாலும் ஃப்ரிட்ஜ் கடையில் கிடைக்கிற செம்புக் குழாய். கையால் வளையும், ஃப்ளேர் (நட் பிடிப்பதற்குப் பைப்பின் வாயை விரிப்பது) சுலபம், துருவும் பிடிக்காது. ஆனால் வெறும் செம்பு அதிர்வில் இறுகிக்கொண்டே போகும். கல் பாதையில் குலுங்கிக் குலுங்கி, ஃப்ளேர் தொடங்கும் கழுத்தில் ஒரு நாள் முடி போலக் கீறல் விடும். ஜன்னல் ஏசி அதிர்வதற்கும் ஜீப் அதிர்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அந்தக் குழாய் பிரேக்குக்குச் செய்ததும் இல்லை.

நான் தேடி வாங்கியது செம்பு-நிக்கல் குழாய், கூனிஃபர் என்று விற்கிறார்கள். செம்போடு சுமார் பத்து சதவீதம் நிக்கலும் கொஞ்சம் இரும்பும் கலந்தது. கப்பலில் கடல்நீர் ஓடுகிற பைப்புகளுக்கு இந்த உலோகத்தைத்தான் போடுகிறார்கள். வால்வோ கார்களில் 1970-களிலிருந்தே பிரேக் லைன் இதுதான். செம்பைப் போலவே கையால் வளையும், ஆனால் செம்பைவிட அதிர்வைத் தாங்கும். இந்த வேலையில் நான் மனமார மேம்பாடு என்று சொல்லக்கூடியவற்றில் இது ஒன்று. அண்ணன் முதலில் அதைக் கையில் வாங்கி, வளைத்து, முகர்ந்துகூடப் பார்த்துவிட்டு, "செம்புதான, வேற பேரு வச்சிருக்கான்" என்றார். ஃப்ளேர் போட்டுப் பார்த்த பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

ஃப்ளேர் விஷயத்தில் மட்டும் அவசரமே கூடாது. பைப்பை ஆக்ஸா பிளேடால் அறுக்கக் கூடாது, சுற்றி வெட்டுகிற கட்டர்தான். உள் விளிம்பின் பிசிறை எடுக்க வேண்டும், தூளை ஊதி வெளியேற்ற வேண்டும். ஜீப்புக்கு 45 டிகிரி இரட்டை ஃப்ளேர். முதல் அழுத்தலில் பைப்பின் வாய் மணி போல உப்பும், இரண்டாவது அழுத்தலில் அதன் விளிம்பு உள்ளே மடிந்து இரண்டு அடுக்காக உட்காரும். ஒற்றை ஃப்ளேரோடு விட்டால் முடுக்கும்போதே விளிம்பு பிளக்க வாய்ப்பு உண்டு. ரேஸ் வண்டிச் சாமான்களில் வருவது 37 டிகிரி. இரண்டையும் சேர்த்து முடுக்கினால் இறுகின மாதிரியே இருக்கும், ஆனால் உட்காராது. எல்லாவற்றுக்கும் முன்னால், ஃப்ளேர் போடுவதற்கு முன்பே நட்டைப் பைப்பில் கோத்துவிட வேண்டும். அழகாக ஒரு ஃப்ளேரைப் போட்டு முடித்துவிட்டு, பெஞ்சின் மேல் உட்கார்ந்திருக்கும் நட்டைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொல்லாத மெக்கானிக் உலகத்தில் இல்லை.

வழியையும் கொஞ்சம் மாற்றினோம். பின்பக்கப் பைப்பைச் சட்டத்தின் உள்பக்கமாக, மயில்துத்தம் சொட்ட முடியாத இடத்தில் ஓடவிட்டு, ஒரு அடிக்கு ஒரு கிளிப்பு. அச்சின் மேல் போகிறது முன்பக்கம் இல்லாமல் பின்பக்கமாக, கல் நேரே அடிக்காதபடி. மாஸ்டர் சிலிண்டருக்குப் பக்கத்தில் ஒரு சுருள். குலுங்கும்போது அதிர்வைக் கழுத்துக்கு விடாமல் சுருளே வாங்கிக்கொள்ளும்.

மாப்ள கேட்டதற்குப் பதில்

இப்போது பிரெய்டட் ஹோஸுக்கு வருகிறேன். அதை மட்டமான சாமான் என்று நான் சொல்லவில்லை. உள்ளே டெஃப்லான் குழாய், வெளியே ஸ்டெயின்லெஸ் கம்பிப் பின்னல். அழுத்தத்தில் உப்பாது, அதனால் பெடல் கல் மாதிரி நிற்கும். டிஸ்க் பிரேக் போட்ட வண்டியில் அந்த வித்தியாசம் காலுக்கு உடனே தெரியும். ஆனால் என் ஜீப்பில் நான்கும் டிரம். பெடல் போகிற தூரத்தில் பெரும்பகுதி ஷூவுக்கும் டிரம்முக்கும் இருக்கிற இடைவெளியை மூடுவதற்கே செலவாகிறது. ஷூவைச் சரியாக அட்ஜஸ்ட் செய்தால் கிடைக்கிற பெடல், பிரெய்டட் போட்டுக் கிடைப்பதைவிட அதிகம். அது காசில்லாத வேலை.

பலம் என்றால், ரப்பர் ஹோஸின் பலத்தைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியவில்லை. அமெரிக்கத் தரவிதியில் 3 மில்லிமீட்டர் துவார ஹோஸ் 4,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்ட்) அழுத்தத்தை 2 நிமிடம் தாங்க வேண்டும், 7,000-க்குக் கீழே வெடிக்கவே கூடாது. நான் எழுந்து நின்று மிதித்தாலும் என் ஜீப் லைனில் அதில் கால் பங்குகூட வராது. அழுத்தத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்த விதியில் இருக்கிற இன்னொரு சோதனை. ஹோஸின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையை நிமிடத்துக்கு 800 சுற்று வீதம் 35 மணி நேரம் சுழற்றுவார்கள், கசியக் கூடாது. திருப்பத்துக்குத் திருப்பம் வளைந்து, குழிக்குக் குழி ஏறி இறங்குகிற ஹோஸுக்கு இதுதான் உண்மையான பரீட்சை. கம்பிப் பின்னல் ஹோஸ் தோற்றுப்போவதும் பெரும்பாலும் இங்கேதான். பிட்டிங்கிலிருந்து வெளியே வருகிற இடத்தில் சரியான தாங்கல் இல்லையென்றால் அங்கேயே மடிந்து மடிந்து உள் குழாய் விரிசல் விடும். தரவிதியில் தேறிய பிரெய்டட் ஹோஸ்களும் இருக்கின்றன. ஆன்லைனில் பளபளவென்று மலிவாகக் கிடைப்பது எல்லாம் அந்த ரகம் என்று நம்ப எனக்குத் தைரியம் இல்லை. நான் வாங்கிய ரப்பர் ஹோஸில் ஐஎஸ் 7079 என்ற எண்ணும் செய்த தேதியும் அச்சாகியிருக்கிறது.

அப்புறம் சேறு. பிளாஸ்டிக் உறை இல்லாத பின்னலுக்குள் நுண்மணல் புகுந்தால் வெளியே வராது. ஹோஸ் வளையும்போதெல்லாம் அந்த மணல் உள் குழாயை அரம் போல ராவும். அதே பின்னல் பைப்பின் மேலோ பட்டையின் மேலோ உரசினால் உரசுகிற பொருளை அறுக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, உள்ளே எவ்வளவு தேய்ந்தது என்று அது காட்டவே காட்டாது. ரப்பர் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் சாகும். மடித்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும், தடவினால் உப்பல் தெரியும், ஆயில் பட்டால் பிசுபிசுக்கும். என் ஹோஸ் வெளியே எதையும் காட்டவில்லையே என்று கேட்கலாம். காட்டியது, ஆனால் ஸ்டீயரிங்கில். எத்தனையோ நாளாக மிதிக்கையில் வலது, விடையில் இடது என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

கெட்டுப்போனால் எவ்வளவு

இந்த வேலையெல்லாம் நடக்கும்போது எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது ஹோஸ் இல்லை. பின்பக்கப் பைப்பில் நகம் பட்டு உதிர்ந்த அந்தச் செதில். சிஜே-3பியில் மாஸ்டர் சிலிண்டர் டிரைவரின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. ஒரே அறை, ஒரே சர்க்யூட். நான்கு சக்கரத்தில் எந்தச் சக்கரத்துக்குப் போகிற பைப் வெடித்தாலும் மொத்த ஆயிலும் அந்த ஓட்டை வழியே போய்விடும், பெடல் தரையைத் தொடும். மிச்சம் இருப்பது ஹேண்ட்பிரேக். நல்ல வேளையாக அது டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் தனி டிரம்மில் கேபிளால் பிடிப்பது, ஆயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஓடுகிற வண்டியில் அதை இழுப்பது சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற ஷாஃப்டையும் அதன் கிராஸ் மூட்டையும் பணயம் வைத்துச் செய்கிற சூதாட்டம்.

அமெரிக்காவில் 1960-களின் கடைசியிலேயே கார்களுக்கு இரட்டைச் சர்க்யூட்டைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். முன்பக்கத்துக்கு ஓர் அறை, பின்பக்கத்துக்கு ஓர் அறை. ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். நான் செலவு செய்ய வேண்டிய இடம் இது என்று முடிவு செய்தேன். இப்படி இரண்டு அறை கொண்ட டேண்டம் சிலிண்டரைக் காலடியில் பொருத்த ஒரு பிராக்கெட், அதற்குத் தரையில் கொஞ்சம் வெட்டு, பெடல் ராடின் நீளத்தில் திருத்தம். எந்த வண்டியின் சிலிண்டர் கிடைத்தாலும் போட்டுவிட முடியாது. துவாரம் சின்னதாக இருந்தால் இந்தப் பெரிய டிரம்களுக்கு வேண்டிய ஆயிலை ஒரே மிதியில் தள்ளாது, பெரிதாக இருந்தால் பெடல் பாறை. டிரம் வண்டிக்கு லைனில் சுமார் 10 பிஎஸ்ஐ எப்போதும் தங்கி நிற்க ஒரு வால்வு வேண்டும், இல்லாவிட்டால் வீல் சிலிண்டரின் கப் தளர்ந்து காற்று உள்ளே போகும். டிஸ்க்குக்கான சிலிண்டரில் அது இருக்காது. ஆயில் தொட்டியையும் தரைக்கு அடியிலிருந்து எடுத்து, என்ஜின் பக்கம் கண்ணுக்குத் தெரிகிற உயரத்தில் வைத்தோம். முன்பெல்லாம் தரையில் இருக்கிற மூடியைத் திறந்தால் பாதி தோட்டத்து மண் உள்ளே விழும், அதனால் யாரும் திறப்பதில்லை. இப்போது பானட்டைத் தூக்கினாலே மட்டம் தெரிகிறது.

டாட் 4 தர பிரேக் ஆயில் ஊற்றி, மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்கி ஒவ்வொன்றாக ஏர் எடுத்தோம், அதாவது லைனில் இருக்கிற காற்றை வெளியேற்றினோம். பழைய ஆயில் வந்த நிறத்தைப் பார்த்தால் மெட்டு இறக்கத்தில் இதுவரை பெடல் போகாமல் இருந்ததே ஆச்சரியம். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த அளவு 155-க்கு இறங்கிவிடும். இடுக்கி மழையில் அந்தத் தண்ணீர் தானாகவே வந்து சேரும், நாம் ஊற்ற வேண்டியதில்லை. பிடித்தபடியே இருக்கும் ஒரு டிரம்மும் பழைய ஆயிலும் சேர்ந்தால் வீல் சிலிண்டருக்குள் ஆவி, அப்புறம் காலுக்கடியில் வெறும் பஞ்சு.

எல்லாம் முடிந்த பிறகு ஊருக்கு வெளியே ஒரு காலி மைதானத்துக்குக் கொண்டுபோனோம். அண்ணன் முன் சக்கர நிப்பிளில் குழாயை மாட்டி ஒரு பாட்டிலுக்குள் விட்டுத் திறந்துவிட்டார். முன்பக்கப் பைப் வெடித்ததற்குச் சமம். மெல்ல ஓட்டி மிதித்தேன். பெடல் சரேலென்று பாதிக்கு மேல் இறங்கியது, எனக்கு அடிவயிறு கலங்கியது. அப்புறம் கீழே எங்கோ ஓர் இடத்தில் திடமாக நின்று பின் சக்கரம் பிடித்தது. வழக்கத்தைவிட நன்றாகத் தள்ளிப்போய்த்தான் வண்டி நின்றது, ஆனால் நின்றது. மேம்பாடு என்று நான் புரிந்துகொள்வது இந்த இடத்தைத்தான். எல்லாம் நன்றாக இருக்கிற நாளில் பெடல் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. ஒன்று கெட்டால் அதோடு போவது எவ்வளவு, கெடுவதற்கு முன்னால் நான் அதைப் பார்க்க வழி இருக்கிறதா, இவைதான் என் கேள்விகள். ஹோஸில் ரப்பர், பைப்பில் செம்பு-நிக்கல், இரண்டு அறை, கண்ணுக்குத் தெரிகிற தொட்டி, எல்லாம் அந்தக் கேள்விகளுக்கு வந்த பதில்கள்தான்.

பொங்கலுக்கு மாப்ள தாரோடு வந்திருந்தான். வண்டியை நன்றாகத் தூக்கிக் கட்டியிருக்கிறான், டயரும் பெரிது, ஹோஸ் எல்லாம் பளபளவென்று பிரெய்டட். வாதாடிக்கொண்டே அதன் பின்பக்கம் ஜாக்கி வைத்துச் சட்டத்தைத் தூக்கி, அச்சைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். அச்சு முழுதாக இறங்குவதற்கு முன்பே பின்பக்க ஹோஸ் வீணைத் தந்தி மாதிரி விறைத்துக்கொண்டது. வண்டியின் உயரத்தை ஏற்றியவர்கள் ஹோஸின் நீளத்தை ஏற்றவில்லை. அவன் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். "இது பிரெய்டட் தப்பு இல்ல மாமா, நீளம்தான் தப்பு" என்றான். சரிதான், அதை நான் மறுக்கவில்லை. அச்சு முழுதாக இறங்கின பிறகும் தளர்ந்து நிற்கிற அளவை நூல் வைத்து எடுத்துக் குறித்துக்கொண்டோம். நீளமான ஹோஸ் வாங்கப்போகிறான். பிரெய்டட்தான் வாங்குவானாம், உறை போட்டது.